நகமும் சுருளும்

அணைக்கு மேற்கே செங்குத்தாக நிற்கும் பாறையைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும். காப்புக்காட்டு அலுவலகத்தில் அவளுக்குத் தாவர அலுவலர் வேலை. எங்கிருந்தோ வந்து குடியேறி, ஏற்கெனவே அங்கே இருக்கும் செடிகொடிகளை மூச்சு முட்ட வைக்கிற அயல் தாவரங்களைக் கண்டுபிடித்து ஒழிக்க வேண்டும். சொந்தக்காரர்கள் இதைச் சுருக்கமாக "களை பிடுங்குற உத்தியோகம்" என்பார்கள். அவளும் மறுத்துப் பேசியதில்லை. உண்மை அதுதானே.

அந்தப் பாறையில் ஏறியிருந்தது பூனைநகக் கொடி. மஞ்சள் பூவுக்கு ஆசைப்பட்டு யாரோ எப்போதோ வீட்டு மதிலில் படரவிட்டது. அது மதிலைத் தாண்டி, ஓடையைத் தாண்டி, பாறைக்கே வந்து சேர்ந்துவிட்டது. இலைகள் ஜோடி ஜோடியாக இருக்கும். இரண்டு இலைக்கு நடுவில் மூன்று குட்டி நகங்கள், பூனை கையை நீட்டின மாதிரி. அந்த நகத்தால் எதையும் பற்றிக்கொண்டு ஏறிவிடும். மண்ணுக்குள் கிழங்கு வைக்கும். கொடியை அறுத்தால் கிழங்கிலிருந்து மறுபடி முளைக்கும்.

அவளும் இரண்டு வேலையாட்களும் அடிவாரத்தில் முட்டி தேய உட்கார்ந்து கிழங்கு கிழங்காகத் தோண்டி எடுப்பார்கள். தரை துடைத்துவிட்ட மாதிரி ஆகிவிடும். அப்புறம் பாறையின் உச்சிப் பக்கம் முழ நீளத்துக்குத் தொங்குகிற நெற்றுகள் காய்ந்து வெடிக்கும். காகிதம் போல இறக்கை வைத்த விதைகள் காற்றில் மிதந்து இறங்கும். மழை விட்டதும் போய்ப் பார்த்தால் தரையெல்லாம் பச்சை. வருடா வருடம் இதே கதை. உச்சிப் பக்கம் செங்குத்தில் தொங்குவதை அறுக்கலாம் என்றால் ஏணி எட்டாது. மேலேயிருந்து களைக்கொல்லி தெளிக்கலாம் என்றால் கீழே இருப்பது ஊர் குடிக்கிற தண்ணீர்.

இதற்கு நடுவில் அந்தப் பாறைக்கு ஒரு பாறையேற்றச் சங்கமும் வந்துகொண்டிருந்தது. விடுமுறை நாளானால் கயிறும் கொக்கியும் ஹெல்மெட்டுமாக வந்து இறங்கிவிடுவார்கள். பாறையில் ஏறுவார்கள், இறங்குவார்கள், சிரிப்பார்கள், பிஸ்கட் சாப்பிடுவார்கள். போகும்போது அவர்களுடைய பையிலும் ஷூவிலும் விதைகள் ஒட்டிக்கொண்டு வேறு மலைகளுக்குப் பயணம் போகும். இந்தப் பாறையை நிரந்தரமாக மூடிவிடுங்கள் என்று அவள் மேலிடத்துக்கு எழுதினாள். மூடக் கூடாது என்று சங்கத்தினர் எழுதினார்கள். இயக்குநர் இரண்டையும் படித்துவிட்டு அவளைக் கூப்பிட்டார்.

"ரெண்டு பக்கமும் சண்டை வேண்டாம். அவங்களுக்கு நீங்க ஒரு வகுப்பு எடுங்க. வகுப்புக்கு வந்தவங்களுக்குப் பாஸ் கொடுப்போம். வராதவங்களுக்குப் பாறை கிடையாது."

"சார், எனக்கு வகுப்பெல்லாம் எடுத்துப் பழக்கமில்ல."

"தனியா உக்காந்து செடிகிட்டப் பேசுறீங்கல்ல? அதே மாதிரி மனுஷங்ககிட்டயும் பேசுங்க, அவ்வளவுதான்."

அலுவலக மாடியில் பழைய வரைபடங்களைச் சுருட்டிச் சாத்தி வைத்திருக்கிற அறை ஒன்று உண்டு. வரைபடங்களை ஓரமாகத் தள்ளிவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டாள். ஏழெட்டுப் பேர் வந்தார்கள். எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு, தண்டனைக்கு வந்தவர்கள் போல உட்கார்ந்தார்கள். முன் வரிசையில் தோள் அகலமான ஒரு மனிதர். நகரப் பேருந்து ஓட்டுநர். பக்கத்தில் அவருடைய மனைவியின் தம்பி, செல்போன் பழுது பார்ப்பவன். ஓட்டுநர் அவனை "மச்சான், மச்சான்" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, சங்கத்தில் எல்லோருக்கும் அவன் மச்சானாகிவிட்டான். ஓரத்து நாற்காலியில் கண்ணாடி போட்ட பெண், பல் மருத்துவர். அவரும் அவனை மச்சான் என்றே கூப்பிட்டார். யாருக்கும் அது விநோதமாகத் தெரியவில்லை.

அவள் தொண்டையைச் சரிசெய்துகொண்டு ஆரம்பித்தாள்.

"இந்தக் கொடி பரவுறதுக்கு முக்கியமான காரணம் நீங்கதான்."

கட்டியிருந்த கைகள் இன்னும் இறுகின. அவள் கவனிக்கவில்லை. தரையில் செய்தித்தாளை விரித்து, அவர்கள் கொண்டுவந்திருந்த பைகளை அதன்மேல் உதறச் சொன்னாள். மண் விழுந்தது, பிஸ்கட் தூள் விழுந்தது, கைக்குப் பூசுகிற வெள்ளைப் பவுடர் விழுந்தது. அவற்றோடு மெல்லிய பழுப்பு விதைகளும் விழுந்தன. ஓட்டுநரின் கயிற்றுப் பையிலிருந்துதான் நிறைய.

ஓட்டுநரின் முகம் சிவந்துவிட்டது. "அப்போ காத்து யோக்கியம், பறவை யோக்கியம், தண்ணி யோக்கியம். நாங்க மட்டும்தான் திருடங்க. அப்படித்தானே மேடம்?"

அப்போது பல் மருத்துவர் வாயைத் திறந்தார்.

"ஏங்க, உங்க பல்லுல சொத்தை இருக்குன்னு நான் சொன்னா என்னையா திட்டுவீங்க?"

"திட்டியிருக்கேனே! போன மாசம்தானே திட்டினேன்."

அறை சிரித்துவிட்டது. அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டு அவள் எப்படியோ வகுப்பை முடித்தாள். இலையைக் காட்டினாள், நகத்தைக் காட்டினாள், ஷூவைத் தேய்க்கிற பிரஷ்ஷை ஆளுக்கொன்று கொடுத்தாள். ஓட்டுநர் பிரஷ்ஷை வாங்கிக்கொண்டார். தேநீரைத் தொடாமலே போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து கணவனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் லிஃப்ட் மெக்கானிக். கைகழுவும் தொட்டியில் விரல் இடுக்கு கிரீஸைத் தேய்த்துக்கொண்டே கேட்டான்.

"எடுத்த எடுப்புலேயே குத்தம் சொன்னா யாரு கேப்பா? லிஃப்ட் நடுவுல நின்னுபோச்சுன்னு கூப்பிடுறாங்க. போய்க் கதவைத் திறந்ததும், 'நீங்க நிறைய சாப்பிடுறதாலதான் நின்னுச்சு'ன்னு நான் சொன்னா எப்படி இருக்கும்?"

"நான் சொன்னது உண்மைதானே?"

"நான் சொல்றதும் சில சமயம் உண்மைதான்."

அவள் துண்டை அவன் மேல் வீசினாள்.

அடுத்த வகுப்பு அடிவாரத்திலேயே நடந்தது. ஓட்டுநர் வரமாட்டார் என்று நினைத்திருந்தாள். அவர்தான் முதல் ஆளாக வந்து ஒரு கல்மேல் உட்கார்ந்து, அவள் கொடுத்த பிரஷ்ஷால் ஷூவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை. ஆனால் ஷூவின் அடிப்பள்ளம் ஒவ்வொன்றையும் விடாமல் தேய்த்தார்.

அன்று அவள் நிறையப் பேசவில்லை. ஆளுக்கொரு சின்ன மண்வெட்டியைக் கொடுத்து உட்கார வைத்தாள். கொடியைச் சட்டென்று இழுத்தால் தண்டு மட்டும் கையோடு வரும், கிழங்கு உள்ளேயே நின்றுவிடும். மண்ணைச் சுற்றிலும் தளர்த்திவிட்டு, மெதுவாக ஆட்டி எடுக்க வேண்டும். பல் மருத்துவர் முதல் கிழங்கைப் பாறை இடுக்கிலிருந்து வெளியே எடுத்துத் தூக்கிப் பிடித்தார். சின்ன விரல் அளவு, நுனி வேர் உடையாமல் முழுசாக வந்திருந்தது.

"அடடா, இது எங்க வேலைதான்! ஆட்டி, தளர்த்தி, வேர் உடையாம எடுக்கணும். இது வாயைத் திறந்து வச்சுக்கிட்டு அழாது, அதுதான் வித்தியாசம்." அதற்கப்புறம் அவரை அந்த இடத்தைவிட்டு எழுப்ப முடியவில்லை. தேநீர் இடைவேளைக்குக்கூட "இந்த ஒண்ணு மட்டும், இந்த ஒண்ணு மட்டும்" என்று உட்கார்ந்திருந்தார்.

அந்த மலைக்கே உரிய இன்னொரு கொடியும் அங்கே இருந்தது. சுருள்கொடி என்பார்கள். அதற்கும் ஜோடி இலைதான், அதே பச்சைதான். ஆனால் நடுவில் நகம் இருக்காது. கம்பிச் சுருள் போல ஒரு பற்றுக்கம்பி சுருண்டிருக்கும். தவறிப்போய் இதைப் பிடுங்கிவிடக் கூடாது என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். மச்சான் அதை ஒரே வரியாக்கிவிட்டான்.

"நகம்னா பகை, சுருள்னா சொந்தம். சரியா டீச்சர்?"

அன்று முழுக்க யாராவது ஒருவர் அதைக் கத்திக்கொண்டே இருந்தார்கள். "டீச்சர், இது பகையா சொந்தமா?" "சொந்தம், சொந்தம், கையை எடு!" அவள் இத்தனை வருடமாக அறிக்கைகளில் பக்கம் பக்கமாக எழுதியது இப்படி ஒரே வரியில் அடங்கிப்போனதில் அவளுக்குக் கொஞ்சம் வெட்கமாகவும் நிறைய சந்தோஷமாகவும் இருந்தது.

மதியம் எல்லோரும் நிழலில் சாய்ந்திருந்தபோது ஓட்டுநர் பாறையை அண்ணாந்து பார்த்தார். அன்று வகுப்பு தொடங்கியதிலிருந்து அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"கீழ இருக்கிறதைப் பிடுங்கிட்டோம். மேல தொங்குதே, அதை யார் எடுக்கிறது?"

"அங்க யாரும் போக முடியாதுங்க. அதுதான் பிரச்சினையே."

பல் மருத்துவர் மச்சானைப் பார்த்தார். மச்சான் தன் கயிற்றைப் பார்த்தான். பிறகு எல்லோரும் சேர்ந்து அவளைப் பார்த்தார்கள்.

"மேடம், நாங்க பின்ன எதுக்கு இருக்கோம்?" என்றார் ஓட்டுநர்.

அவளுக்குச் சுருக்கென்றது. ஒவ்வொரு வாரமும் இவர்கள் அந்த உச்சிக்குப் போய்வருவதைக் கீழே நின்று பார்த்து எரிச்சல்பட்டிருக்கிறாள். விதையைச் சுமந்து போகிறவர்கள் என்பதற்கு மேல் அவர்களைப் பற்றி எதுவும் தோன்றியதே இல்லை. ஏறத் தெரிந்தவர்கள் கண் முன்னாலேயே ஏறிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"எடுத்துத் தருவீங்களா?" என்று கேட்டாள். குரல் சின்னப்பிள்ளையுடையது போல வந்தது.

"கேட்டாத்தானே தருவோம்" என்றார் அவர். அப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தார்.

இயக்குநர் ஒப்புக்கொள்ள ஆயிரம் கேள்வி கேட்டார். காப்பீடு இருக்கிறதா, ஹெல்மெட் இருக்கிறதா, கீழே யாரும் நடந்து போகாமல் யார் பார்ப்பது. எல்லாவற்றுக்கும் சங்கத்தில் பதில் தயாராக இருந்தது. நெற்றுகள் பச்சை மாறிப் பழுக்கத் தொடங்கிய சமயம், காற்று இல்லாத ஒரு விடுமுறை நாள் காலை, எல்லோரும் பாறைக்கு வந்து சேர்ந்தார்கள்.

பின்பக்கமாகச் சுற்றிப்போகிற ஒற்றையடிப் பாதையில் உச்சிக்குப் போகலாம். அங்கே பெரிய மரத்திலும் பாறையில் அடித்திருந்த இரும்புப் போல்ட்டுகளிலும் கயிறுகளைக் கட்டினார்கள். ஓட்டுநர் ஒவ்வொரு முடிச்சையும் தானே பார்த்தார், பிறகு மச்சானைப் பார்க்கச் சொன்னார், பிறகு மறுபடி தானே பார்த்தார். அவள் விளிம்பிலிருந்து பத்தடி தள்ளி, ஒரு புதரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு உயரம் என்றால் ஆகாது. வீட்டில் பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறினாலே கால் நடுங்கும்.

பல் மருத்துவர் முதலில் இறங்கினார். கத்தரியும் சாக்குப்பையும் இடுப்பில் தொங்கின. நெற்றுகளை ஒவ்வொன்றாகக் காம்போடு கத்தரித்துச் சாக்குக்குள் போட்டார். அடித்தண்டை அறுத்து, வெட்டின இடத்தில் மட்டும் ஒரு சின்னத் தூரிகையால் மருந்தைத் தடவினார். ஒரு சொட்டுக்கூடக் கீழே சிந்தவில்லை. முதல் சாக்கு நிறைந்து மேலே வந்தபோது அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. அது அத்தனையும் அடுத்த மழைக்கு முளைத்திருக்க வேண்டிய விதை.

பாதித் தூரம் இறங்கியதும் கீழேயிருந்து அவர் குரல் வந்தது.

"டீச்சர்! இங்க நகமும் இல்ல, சுருளும் இல்ல!"

அவளுக்குத் திக்கென்றது. இதைச் சொல்ல மறந்துவிட்டிருந்தாள். முதிர்ந்த கொடியில் நகம் உதிர்ந்துவிடும். முதிர்ந்த சுருள்கொடியிலும் சுருள் காய்ந்து ஒடிந்துவிடும். பல் மருத்துவர் படம் எடுத்துச் செல்போனில் அனுப்பினார். அவள் திரையைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். பச்சைக்குள் பச்சையாக இரண்டு கொடிகள் பின்னிக் கிடந்தன.

"நான் அறுக்க மாட்டேன்" என்று குரல் வந்தது. "தப்பான பல்லைப் பிடுங்கிட்டா திரும்ப ஒட்ட முடியாது!"

ஓட்டுநர் அவளைப் பார்த்தார். "நீங்க இறங்கணும் மேடம்."

"வேற வழியே இல்லையா?"

"இருக்கு. அப்படியே விட்டுட்டா நெத்து வெடிச்சு விதை விழும். எல்லாத்தையும் அறுத்துட்டா உங்க சொந்தமும் சேந்து போகும். ரெண்டுல எதுன்னு நீங்களே சொல்லுங்க."

அவள் கையை நீட்டினாள். மச்சான் இடுப்புப் பட்டையைக் கொண்டுவந்து மாட்டிவிட்டான். பட்டை தொடையை இறுக்கியது. ஹெல்மெட் கொஞ்சம் பெரிசு. விளிம்புக்குப் போகச் சொன்னபோது கால் வரவில்லை, உண்மையாகவே வரவில்லை. ஓட்டுநர் கயிற்றைத் தன் இடுப்புக் கொக்கியில் மாட்டி, கால்களை அகல ஊன்றி உட்கார்ந்துகொண்டார். அவசரப்படுத்தவில்லை.

"நான் தினம் பஸ் நிறைய ஆளுங்களை ஏத்திக்கிட்டுப் போறேன். 'டிரைவரே, உங்களை நம்பித்தான் ஏறுறேன்'னு ஒருத்தரும் சொன்னதில்ல. டிக்கெட் வாங்கிட்டு ஜன்னலோரமா உக்காந்துக்கிறாங்க. சிலபேர் தூங்கிடுறாங்க. நீங்களும் அப்படியே உக்காருங்க, போதும். வண்டியை நான் பாத்துக்கிறேன்."

அவள் உட்கார்ந்தாள். இடுப்புப் பட்டை தாங்கியது. பாறை விளிம்பு மெதுவாகக் கண்ணுக்கு மேலே போனது. அவள் எதிரே இருந்த கல்லை மட்டும் பார்த்தாள். கல்லில் பூத்திருந்த சாம்பல் நிறப் பாசியைப் பார்த்தாள். அதன் பெயரை வாய்விட்டுச் சொன்னாள். பிறகு அடுத்த பாசியின் பெயர். மேலேயிருந்து "யார்கிட்ட பேசுறாங்க?" என்று மச்சான் கேட்பதும், "சும்மா இருடா" என்று ஓட்டுநர் அதட்டுவதும் காதில் விழுந்தன.

பல் மருத்துவர் அவள் காலைப் பிடித்து ஒரு சின்னத் திட்டில் ஊன்றி வைத்தார். "வாங்க, வாங்க. நோயாளி இங்கதான் இருக்காரு."

அவள் கொடிகளைத் தொட்டாள். விரல் பட்டதும் நடுக்கம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஒரு தண்டின் அடியில் தன் விரல் நகத்தை நுழைக்கப் பார்த்தாள், நுழையவில்லை. தண்டிலிருந்து சின்னச் சின்ன வேர்கள் கிளம்பிக் கல்லோடு கல்லாக ஒட்டியிருந்தன. பக்கத்துத் தண்டைத் தொட்டாள். அதன் அடியில் விரல் முழுசாகப் போய்விட்டது. அது கல்லைத் தொடவே இல்லை. மேலே ஒரு வெடிப்பில் வேர்விட்டு, அங்கிருந்து சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

"கிடைச்சுது! ஒட்டியிருக்கிறது பகை. ஒட்டாம தொங்குறது சொந்தம். உங்க விரலை விட்டுப் பாருங்க."

பல் மருத்துவர் விட்டுப் பார்த்தார். "அட, ஈறுல நோண்டிப் பார்க்கிற மாதிரி! இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே?"

"எனக்கே இப்பத்தான் தெரியும். கீழயிருந்து இது எங்க தெரிஞ்சது?"

இரண்டு பேரும் அங்கேயே தொங்கிக்கொண்டு பின்னலைப் பிரித்தார்கள். ஒருவர் தண்டைத் தடவிப் போவார், மற்றவர் கத்தரியோடு காத்திருப்பார். "பகை?" "பகை. அறுங்க." "இது?" "சொந்தம், விடுங்க." பூனைநகக் கொடி விலக விலக, உள்ளே அமுங்கிக் கிடந்த சுருள்கொடி வெளிச்சத்துக்கு வந்தது. வெளிறிப்போன இலைகள், நூல் போன்ற கிளைகள். ஆனால் ஒரு கிளையின் நுனியில் புத்தம்புதிதாக ஒரு சுருள் சுருண்டிருந்தது. அடிவாரத்தைத் தவிர இந்தப் பாறையில் வேறெங்கும் சுருள்கொடி மிச்சமில்லை என்றுதான் அன்று காலைவரை அவள் நினைத்திருந்தாள்.

அவளை மேலே இழுத்து விட்டதும் கால் தரையில் பட்டது. அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஓட்டுநர் கயிற்றை விடுவித்து, கையை உதறிக்கொண்டார். உள்ளங்கையில் கயிறு பதிந்த கோடு சிவப்பாக இருந்தது. அவள் இறங்கியதிலிருந்து ஏறும்வரை அந்த மனிதர் ஒருமுறைகூட இடம் மாறி உட்காரவில்லை.

எல்லாம் நன்றாக முடிந்தது என்று நினைத்த நேரத்தில்தான் அது நடந்தது. கடைசிச் சாக்கை மச்சான் கயிற்றில் கட்டிக் கீழே இறக்கினான். இருப்பதிலேயே முற்றிய நெற்றுகள் அதில்தான் இருந்தன. துருத்திய கல்லொன்றில் உரசிச் சாக்கு கிழிந்தது. நெற்றுகள் பாறையில் மோதி வெடித்தன. பழுப்பு விதைகள் சுழன்று சுழன்று பாதை மேலும் புதர் மேலும் இறங்கின.

மச்சான் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"டீச்சர்... சத்தியமா நான் மெதுவாத்தான் விட்டேன்."

அவளுக்கு அவனைத் திட்டவும் வரவில்லை, பரவாயில்லை என்று சொல்லவும் வரவில்லை. ஓட்டுநர்தான் எழுந்தார்.

"வாடா மச்சான். பொறுக்குவோம்."

எல்லோரும் கீழே இறங்கிப் போனார்கள். காலையிலிருந்து கயிற்றில் தொங்கித் தோள் இற்றுப்போனவர்கள், முட்டிபோட்டு, கையும் காலுமாகத் தரையில் ஊர்ந்தார்கள். புல்லைப் பிரித்துப் பார்த்தார்கள். கல்லைப் புரட்டிப் பார்த்தார்கள். பல் மருத்துவர் நெற்றி விளக்கை மாட்டிக்கொண்டு புதருக்குள் தலையை நுழைத்தார். "போதும், மிச்சத்தை முளைச்சதும் நான் பிடுங்கிக்கிறேன்" என்று அவளே இரண்டு தடவை சொன்னாள். காதில் விழாதது போல இருந்தார்கள்.

அணைக்கரையில் நடக்க வந்த ஒரு குடும்பம் இவர்களைப் பார்த்து நின்றது. அப்பா, அம்மா, இரண்டு பெண்பிள்ளைகள். "என்ன தொலைஞ்சு போச்சு?" என்று அந்த அம்மா கேட்டார்.

ஓட்டுநர் முட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். உள்ளங்கையில் ஒரு விதையை வைத்துக் காட்டினார்.

"ஒண்ணும் தொலையலம்மா. இது ஒரு கொடியோட விதை. இங்க விழுந்தா காட்டையே மூடிடும். உங்க தப்பு ஒண்ணும் இல்ல. உங்க ஷூவை மட்டும் கொஞ்சம் காட்டுறீங்களா?"

அவர்கள் ஆளுக்கொரு காலைத் தூக்கிக் காட்டினார்கள். சின்னவளின் ஷூ லேஸில் ஒரு விதை மாட்டியிருந்தது. ஓட்டுநர் அதைப் பத்திரமாக எடுத்து, "பாத்தியா, உன்கூடவே வீட்டுக்கு வரப் பாத்துச்சு" என்றார். அந்தப் பிள்ளைக்கு ஒரே பெருமை. அவ்வளவுதான், குடும்பமே குனிந்து பொறுக்க ஆரம்பித்துவிட்டது.

சற்றுத் தள்ளிப் புல்லுக்குள் இருந்த அவள் நிமிராமல் கேட்டுக்கொண்டிருந்தாள். உங்க தப்பு ஒண்ணும் இல்ல. அந்த ஒரு வார்த்தையை எவ்வளவு சுலபமாகச் சொல்கிறார் மனிதர் என்று நினைத்தாள். முதல் வகுப்பில் எடுத்த எடுப்பிலேயே "காரணம் நீங்கதான்" என்று தான் ஆரம்பித்தது ஞாபகம் வந்தது. கண்ணிலிருந்து இரண்டு சொட்டு புல்லில் விழுந்தது, யாரும் பார்க்கவில்லை.

வெயில் சாய்ந்ததும் குழாயடியில் கை கழுவினார்கள். ஒருவர் ஷூவை ஒருவர் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டார்கள். அவள் எல்லோருக்கும் நன்றி சொல்ல வேண்டும் என்று நான்கு வாக்கியம் மனசுக்குள் கோத்து வைத்திருந்தாள். "நான் ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தாள். குரல் உடைந்துவிட்டது.

"அழாதீங்க டீச்சர்" என்றான் மச்சான் பயந்துபோய். "அடுத்த தடவை ரெட்டைச் சாக்குல போடுறேன்."

எல்லோரும் சிரித்ததில் அவள் வாக்கியங்கள் காணாமல் போய்விட்டன. ஓட்டுநருக்கு மாலை வண்டி இருந்தது. "வரேன் மேடம்" என்று சொல்லிவிட்டு நடந்தவர், திரும்பிப் பார்த்து, "அன்னிக்குக் குடிக்காத டீ பாக்கி இருக்கு, ஞாபகம் இருக்கட்டும்" என்றார்.

மழை வந்தது, விட்டது. அவள் வழக்கம் போல மண்வெட்டியையும் சாக்கையும் எடுத்துக்கொண்டு, வேலையாட்கள் வருவதற்கு முன்பே அடிவாரத்துக்குப் போனாள். குனிந்து தேடினாள். இங்கே ஒன்று, அங்கே ஒன்று, சாக்கு கிழிந்த இடத்தில் ஒரு கைப்பிடி. கிழங்கு வைக்காத இளநாற்றுகள், விரலால் கிள்ளினாலே வேரோடு வந்தன. மற்றபடி தரை தரையாகவே இருந்தது. அந்தத் தரையின் நிறம் என்ன என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. மேலே பார்த்தாள். காய்ந்த பழைய கொடி கல்லோடு சருகாகக் கிடந்தது. அதற்கு நடுவில் ஒரு பச்சை மட்டும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

வேலை முடிந்துவிட்டது. காலை பூராவும் மிச்சம் இருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு கல்மேல் உட்கார்ந்து செல்போனை எடுத்தாள். ஓட்டுநருக்குப் போட்டாள், அடித்து அடித்து நின்றது. பல் மருத்துவரின் கிளினிக்கில், "டாக்டர் பேஷன்ட்டோட இருக்காங்க" என்றது ஒரு குரல். மச்சான்தான் எடுத்தான். பின்னால் கடையில் யாரோ எதற்கோ பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"சொல்லுங்க டீச்சர். யாராவது விழுந்துட்டாங்களா?"

"இல்லப்பா, யாரும் விழல. இங்க ஒண்ணுமே முளைக்கல. அதான்... தேங்க்ஸ் சொல்லலாம்னு."

"ஒண்ணும் முளைக்கலைன்னா தேங்க்ஸா?" அவன் கொஞ்சம் யோசித்தான். "ஓ! முளைக்கக் கூடாது இல்ல! நல்லதுதானே டீச்சர்?"

"ரொம்ப நல்லது. உங்க எல்லாருக்கும் எப்படிச் சொல்றதுன்னே தெரியல. நீங்க இல்லேன்னா நான் இன்னும்..."

"ஒரு நிமிஷம் டீச்சர், கஸ்டமர்." பேரம் முடிந்து சில்லறை கிணுகிணுத்தது. அவள் காத்திருந்தாள். அவன் திரும்ப வந்தான். "சொல்லுங்க. மாமாகிட்டயும் சொல்லிடவா?"

"சொல்லிடுப்பா. எல்லாருக்கும் சொல்லிடு."

"அப்போ இந்த வாரம் ஏற வரலாமா?"

"வாங்க" என்றாள் அவள். "நானும் வரேன்."